அனுப்பியது 250 டாலர், வந்தது 20,005 ரூபாய்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் ஆடிட்டர் ஆபீஸ் என்றால் தோப்புக்காரர்களும் தேங்காய் வியாபாரிகளும்தான் வருவார்கள். ரொம்ப காலம் அப்படித்தான் ஓடியது. இந்த நாலைந்து வருடமாக இன்னொரு கூட்டமும் படியேறுகிறது. வண்ணாமடை, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்று எல்லையோர ஊர்களில் வீட்டில் உட்கார்ந்தபடியே அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வேலை பார்க்கிற பிள்ளைகள். வருமான வரி பற்றிக் கேட்கத்தான் வருகிறார்கள். பேச ஆரம்பித்ததும் பேச்சு வங்கிக் கட்டணத்தில் போய் நிற்கும்.

போன ஆடியில் வண்ணாமடைப் பையன் ஒருவன் வந்தான். அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு ஆப் டிசைன் செய்து கொடுக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் 250 டாலர். "பேங்க் சார்ஜ் 200 ரூபாதான்னு சொல்றாங்க சார். ஆனா கணக்கு எங்கயோ இடிக்குதுங்க" என்றான். கையில் இருந்தது அவனுடைய ஃபோன் அல்ல, அம்மாவுடையது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது திறந்த கணக்கு. வங்கி எஸ்எம்எஸ் எல்லாம் இன்னும் அம்மா நம்பருக்குத்தான் போகிறது.

எஸ்எம்எஸ்ஸையும் வங்கி கொடுத்த அட்வைஸ் தாளையும் (வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான விவரச் சீட்டு) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உங்களுக்குக் கணக்குப் புரிவதற்காக அன்றைய சந்தை விலை டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்து, மற்ற எண்களையும் அதற்கேற்ப மாற்றி எழுதுகிறேன். 250 டாலருக்கு 22,500 வந்திருக்க வேண்டும். கணக்கில் ஏறியது 20,005.

அங்கிருந்து 250 டாலர் கிளம்பியிருக்கிறது. நம் வங்கிக்கு வந்து சேர்ந்தது 230. அனுப்பிய வங்கிக்கும் நம் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லாததால் நடுவில் ஒரு கரஸ்பாண்டன்ட் வங்கி வழியாகப் பணம் வந்தது. அது தன் கூலியை அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. 20 டாலர் என்றால் 1,800 ரூபாய். இது எந்த எஸ்எம்எஸ்ஸிலும் வராது. கிளையில் கேட்டால் "எங்களுக்கு வந்ததே 230 தான்" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

அப்புறம் அந்த 230 டாலரை நம் வங்கி 88 ரூபாய் 20 காசுக்கு வாங்கியது. வங்கிகள் தினமும் காலையில் போடும் கார்டு ரேட்டில் 'டி.டி. பையிங்' (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், அதாவது வங்கி வழியாக வரும் டாலரை வாங்கும் விலை) என்ற வரியில் இருக்கும் விலை அது. சந்தை விலைக்கும் இதற்கும் 1.80 வித்தியாசம், 230 டாலருக்கு 414 ரூபாய். ரசீதில் இதற்குக் கட்டணம் என்று பெயரே கிடையாது. பொள்ளாச்சி வியாபாரிக்குத் தேங்காய் போட்டவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. பேசிய விலை அப்படியே இருக்கும், எண்ணும்போது வியாபாரி கூடுதலாக எடுத்துக்கொள்ளும் லாபக்காய் தனியாகப் போகும்.

மீதி சில்லறை. டாலரை ரூபாயாக மாற்றியதற்கு ஜிஎஸ்டி 45 ரூபாய். இது முழுத் தொகைக்கும் 18 சதவீதம் அல்ல, பயப்பட வேண்டாம். மாற்றிய தொகை ஒரு லட்சம் வரை இருந்தால் அதில் 1 சதவீதத்தை சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு, அந்த மதிப்புக்கு 18 சதவீதம். மதிப்பு குறைந்தபட்சம் 250 ரூபாய் என்பது விதி. அதனால் எவ்வளவு சின்னத் தொகை வந்தாலும் 45 ரூபாய் போகும். கடைசியாக வங்கியின் கட்டணம் 200, அதற்கு ஜிஎஸ்டி 36.

ஆக மொத்தம் 2,495 ரூபாய். நூற்றுக்கு 11. பையன் சண்டை போட்டுக்கொண்டிருந்தது கடைசி 236 ரூபாய்க்கு. தின்றுகொண்டிருந்தது முதல் 1,800.

அதனால் யார் வந்து "எது சார் சீப்பு?" என்று கேட்டாலும் கட்டணப் பட்டியலை ஓரமாக வைக்கச் சொல்கிறேன். கணக்கில் ஏறிய ரூபாயை, பில்லில் போட்ட டாலரால் வகுத்துப் பாருங்கள். இவனுக்கு 80 ரூபாய் 2 காசு வந்தது. அதை எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் டாலரின் பொது விலையாக வெளியிடும் அன்றைய ரெஃபரன்ஸ் ரேட்டோடு ஒப்பிடுங்கள். வங்கி வேலை நாட்களில் மதியம் வெளியாகும், 2018 வரை இதை ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. வங்கியோ, பேபால், பேயோனியர் மாதிரி ஆன்லைன் பணச் சேவையோ, எல்லாவற்றையும் இந்த ஒரே படியில் அளக்கலாம். "ஜீரோ ஃபீஸ்" என்று விளம்பரம் போடுகிறவர்கள் ரேட்டில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதும் இதில் வெளியே வந்துவிடும்.

வாரம் வாரம் வாங்குவதை மாதம் ஒருமுறை ஆக்கினால் என்ன ஆகும் என்று அங்கேயே போட்டுப் பார்த்தோம். 1,000 டாலர் ஒரே தடவையாக வந்தால் நடுவில் போவது ஒரே ஒரு 20 டாலர். 980 டாலர், அதே மட்டமான 88.20 ரேட், ஜிஎஸ்டி 156, வங்கிக்கு 236. கையில் 86,044. நாலு வெள்ளிக்கிழமையும் சேர்த்து அவன் வாங்கிக்கொண்டிருந்தது 80,020. மாதம் 6,024 ரூபாய் சும்மா போய்க்கொண்டிருந்தது.

ஆனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். புது கிளையன்ட், ஒரு மாத வேலையை வாங்கிக்கொண்டு காணாமல் போகிற ஆசாமியாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று மாதம் 20 டாலர் போனால் போகட்டும், வாரம் வாரம் வாங்குங்கள். இந்தப் பையனுக்கு அந்தக் கம்பெனி ஒன்றரை வருடப் பழக்கம், அதனால் சொன்னேன்.

அனுப்புகிறவரிடம் பேச இன்னொரு விஷயமும் இருக்கிறது. வயர் டிரான்ஸ்ஃபர் (வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பும் முறை) படிவத்தில் கட்டணம் யாருடையது என்று ஒரு கட்டம் வரும். ஓ-யு-ஆர் என்று போட்டால் அனுப்புகிறவர் பொறுப்பு, எஸ்-எச்-ஏ என்றால் இருவரும் பங்கு, பி-இ-என் என்றால் முழுக்க நம் தலையில். பெரும்பாலும் யாரும் கவனிக்காமல் இரண்டாவதில் விட்டுவிடுவார்கள். "முதலாவதைப் போடுங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கேட்டதும் சரி என்றவர்கள் நிறையப் பேர். பணம் குறைந்து வந்தாலோ வந்தே சேராவிட்டாலோ, அனுப்பியவரின் வங்கியில் ஸ்விஃப்ட் காப்பி (வங்கிகளுக்கு இடையே போன செய்தியின் நகல்) வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். எந்த வங்கி எவ்வளவு எடுத்தது என்று தேடத் தொடங்க அதுதான் ஆதாரம். தடம் பிடிப்பதற்கான யுஇடிஆர் என்ற 36 எழுத்து எண்ணும் அதில் கிடைக்கும்.

சின்னத் தொகைகளுக்கு இன்னொரு வழி, அனுப்புகிறவரின் நாட்டிலேயே நம் பெயரில் ஒரு வசூல் கணக்கு எண் தருகிற சேவைகள். அமெரிக்கர் ஏசிஎச்சில் அனுப்புவார், ஐரோப்பியர் செப்பாவில் அனுப்புவார். அவர்களுக்கு அது உள்ளூர்ப் பரிமாற்றம், நடுவில் கரஸ்பாண்டன்ட் வங்கியே வராது. அந்தச் சேவை மொத்தமாக 2 சதவீதம் பிடித்தாலும் 250 டாலருக்கு 22,050 கைக்கு வரும். இந்த வேலையைச் செய்கிற கம்பெனிகளுக்கு 2023 அக்டோபர் 31 அன்று ரிசர்வ் வங்கி தனி விதிமுறை கொண்டுவந்தது. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்திலேயே இருக்கிறது, பார்த்துவிட்டுச் சேருங்கள். பேபால் எல்லோருக்கும் பழகியது. ஆனால் வெளிநாட்டுப் பணத்துக்கு 4 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிட்டு, ரேட்டிலும் தனியாக எடுக்கும். கிளையன்ட் வேறு எதற்கும் ஒத்துவரவில்லை என்றால் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

தொகை பெரிதானால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரே தடவையாக 5,000 டாலர் வருகிறவருக்கு அதே 2 சதவீதம் 9,000 ரூபாய். அவருக்கு வயர்தான் லாபம், ஆனால் கார்டு ரேட்டுக்குத் தலையாட்டக் கூடாது. பணம் வருவதற்கு முன்பே வங்கியின் ஃபாரெக்ஸ் டெஸ்க்கிடம் ரேட் கேட்க வேண்டும். நம் ஊர்க் கிளையில் அந்த டெஸ்க் இருக்காது; எர்ணாகுளத்திலோ கோயம்புத்தூரிலோ இருக்கிற பெரிய கிளைக்கு ஃபோன் போடச் சொல்லுங்கள். 1.80 இருந்த இடத்தில் 60 காசு வித்தியாசத்துக்குக் கொடுத்தால், எல்லாக் கழிவும் சேர்த்து சுமார் 5,500 ரூபாயில் முடிந்துவிடும். டாலராகவே வைத்துக்கொள்ள ஈஈஎஃப்சி கணக்கு உண்டு. வட்டி கிடையாது, இந்த மாதம் வந்ததை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக்கிவிட வேண்டும். டாலரில் செலவு இருப்பவருக்கு உதவும். ரேட் ஏறட்டும் என்று காத்திருக்க அதைத் திறக்க வேண்டாம்.

நல்லேபிள்ளியிலிருந்து வரும் ஒரு அம்மணி மெல்போர்ன் கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். வெளிநாடு என்றாலே டாலர், டாலர் என்றாலே அமெரிக்க டாலர் என்று நினைத்து பில்லை அதில் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் கையில் இருப்பது ஆஸ்திரேலிய டாலர். அங்கே ஒரு மாற்றல், இங்கே ஒரு மாற்றல், இரண்டு இடத்திலும் லாபக்காய். பில்லை அவருடைய நாணயத்திலேயே போடச் சொன்னேன். அதற்காக ரூபாயில் பில் போட்டுவிடாதீர்கள். மாற்றல் முழுக்க அந்த நாட்டு வங்கி சொல்கிற ரேட்டில் நடந்துவிடும்.

அந்த அம்மணி கதையில் கட்டணத்தைவிடப் பெரிய வம்பு ஒன்று இருந்தது. வெளிநாட்டுப் பணம் வந்தால் அது எதற்கான பணம் என்று வங்கி ஒரு பர்பஸ் கோட் போட வேண்டும். கணக்கு எழுதும் வேலைக்கு பி1005, சாஃப்ட்வேர் வேலைக்கு பி0802, நிர்வாக ஆலோசனைக்கு பி1006. முதல் பணம் வந்தபோது கிளையில் ஒரு படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்த அம்மணிக்குப் படிவத்தில் இருந்த மலையாளமும் ஓடவில்லை, இங்கிலீஷும் ஓடவில்லை. "ஹஸ்பண்ட் கல்ஃபிலாணோ?" (புருஷன் வளைகுடாவிலா?) என்று கேட்ட கவுண்டர்க்காரர், பதிலுக்குக் காத்திருக்காமல் பி1301 என்று எழுதிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணம் என்று அர்த்தம். புருஷன் சித்தூர் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறார். கேரளத்தில் நாள் முழுக்க வளைகுடாப் பணத்தையே பார்க்கும் கவுண்டரில் அந்தக் கை தானாக அப்படித்தான் எழுதும், ஆளைக் குறை சொல்லவில்லை.

பதினாலு மாதம் அதே கோடில் போயிற்று. வீட்டுக் கடனுக்குப் போனபோது இன்னொரு வங்கி கேட்டது: "ரிட்டர்னில் தொழில் வருமானம் என்கிறீர்கள், அட்வைஸ் எல்லாம் குடும்பச் செலவு என்கிறதே?" பழைய பில்கள், கடைக்காரரோடு போட்ட ஒப்பந்தம், ஒரு கடிதம் எல்லாம் வைத்துத் திருத்தி வாங்க இரண்டு மாதம் ஆனது. சேமிப்புக் கணக்கை விட்டு கரண்ட் அக்கவுண்டுக்கு மாறினார். வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டி எடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரியில்லாமல் ஏற்றுமதி காட்டும்போது, பணம் வெளிநாட்டு நாணயத்தில் வந்தது என்பதற்கு இந்தத் தாள்தான் சாட்சி. அதனால் அட்வைஸுக்குக் கேட்கிற நூறு இருநூறில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இங்கே அடிக்கடி வரும் கேள்வி: "வீடு கேரளா, அக்கவுண்ட் பொள்ளாச்சியில, ஆகுமுங்களா?" தாராளமாக ஆகும். ஜிஎஸ்டி பதிவு மட்டும் உட்கார்ந்து வேலை செய்கிற மாநிலத்தில் இருக்க வேண்டும்.

ஆகாதது வேறு. "ஷார்ஜா மாமா கணக்குக்குப் போட்டு, அவர் வீட்டுப் பணமா அனுப்பிட்டா சார்ஜே இல்லீங்களே" என்பார்கள். உறவினர் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லைதான். இது அன்பளிப்பு இல்லையே, உங்கள் கூலி. வெஸ்டர்ன் யூனியன் மாதிரி சேவைகளும் குடும்பச் செலவு போன்ற சொந்தப் பணத்துக்குத்தான். தொழில் பணத்துக்கு அந்த வழி கிடையாது. மலையாளத்தில் குழல்பணம், தமிழில் உண்டியல் என்கிற, வங்கிக்கு வெளியே கைமாறும் அந்தச் சமாச்சாரத்தில் வங்கிக் கட்டணம் கிடையாது என்பது நிஜம்தான். மாட்டினால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தை வாங்கி முகம் தெரியாத ஆளிடம் விற்று ரூபாய் ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ரூபாய் யாரோ ஏமாந்தவருடைய பணமாக இருந்தால், எங்கோ வடக்கே ஒரு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்து இங்கே கணக்கு முடங்கும். வாளையார்ப் பக்கத்துப் பையன் ஒருவன் 12,000 ரூபாய்க்காக மூன்று மாதம் ஏடிஎம் கார்டு வேலை செய்யாமல் அலைந்தான்.

வண்ணாமடைப் பையன் என் மேசையில் உட்கார்ந்தே கிளையன்டுக்கு எழுதினான்: மாதம் ஒரு பில், கட்டணம் உங்கள் பக்கம், முடியுமா? மறுநாளே ஒற்றை வார்த்தையில் சம்மதம் வந்தது. அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் ஃபோனில் எஸ்எம்எஸ் வரவில்லை. மூன்றாவது வாரம் அவன் அம்மா என் ஆபீசுக்கே வந்துவிட்டார். "பையனுக்கு வேலை போயிருச்சுங்களா சார்? எங்கிட்ட மறைக்கறானா?"