போர்ட்ரெய்ட்: உருவப்படமும் அதன் மேல் விழுந்த மாலையும்

ஒளிப்படக் கலை படிக்கப் போனால் முதல் வாரமே காதில் விழுகிற சொல் போர்ட்ரெய்ட். நம் கடைத்தெருவுக்கும் இது புதிதில்லை. கைபேசி வாங்கும்போது ‘போர்ட்ரெய்ட் மோட் நல்லா வருமா’ என்று கேட்கிறோம். ‘கப்பிள் போர்ட்ரெய்ட் தனியா எடுத்துரலாம்’ என்கிறார் கல்யாண ஸ்டுடியோக்காரர். ஜெராக்ஸ் கடையில் தாளை நெடுக்காக வைத்து அச்சடிப்பதற்கும் அதே பெயர். முதல் இடத்தில் வேண்டியது மங்கலான பின்னணி, இரண்டாவதில் ஆள், மூன்றாவதில் ஆளே வேண்டாம்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்தது. பழைய பிரெஞ்சில் ‘போர்த்ரேர்’ என்றால் வரைதல். அதற்கும் முந்திய வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ப்ரோ’ என்றால் முன்னே. ‘த்ராஹெரே’ என்றால் இழு. முன்னே இழு, வெளியே கொண்டுவா என்பது அடிப்படைப் பொருள். வயலில் ஓடும் டிராக்டரும் இந்த ‘இழு’ வேரில் பிறந்ததுதான். இத்தாலியரும் ஸ்பானியரும் முன்னொட்டை மாற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய ‘ரித்ராத்தோ’விலும் ‘ரெத்ராத்தோ’விலும் இழுப்பு பின்னோக்கி. முகம், தலை, தோள் எதுவும் வேரில் கிடையாது. ஆங்கிலத்திலேயே தொடக்கத்தில் எந்தப் படத்துக்கும் பொதுவாக வழங்கி, பிறகுதான் ஆளைக் காட்டும் படத்துக்கென்று ஒதுங்கியது.

தாளுக்கும் கைபேசிக்கும் போன பொருள்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆள் படம் பெரும்பாலும் உயரவாக்கில் இருப்பதால் தாளின் நெடுக்கு வைப்புக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் நெடுக்கு, குறுக்கு போதும். மங்கலான பின்னணிக்கு வேறு வரலாறு. 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு வடிவமைத்த லென்ஸ் அதுவரை இருந்தவற்றைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது. அதுதான் ஆள் படத்துக்கென்றே வந்த முதல் லென்ஸ். நடுவில் கூர்மை, ஓரங்களில் கலக்கம். அந்தக் கலக்கமே ஆள் படத்தின் அடையாளமாகி, இன்று கைபேசி மென்பொருள் அதைப் போலி செய்கிறது. அதற்குப் போய் உருவப்படம் என்ற சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ‘பேக்ரவுண்ட் ப்ளர்’ என்று ஸ்டுடியோவில் சொல்வது எவ்வளவோ நேர்மையான பெயர்.

ஆளின் படம் என்ற பொருளுக்கு வருவோம். நேர்ச்சொல் உருவப்படம். கலைச்சொல் அகராதியைப் புரட்டத் தேவையில்லை, நாளிதழ் படிக்கிற எவருக்கும் தெரிந்த சொல். சிக்கலும் அங்கேதான். ‘அன்னாரது திருவுருவப் படத்துக்கு மாலை அணிவித்து, மலர் தூவி மரியாதை செலுத்தினார்’ என்ற வாக்கியம் இல்லாமல் நம் ஊர்ச் செய்தித்தாள் விடிவதில்லை. சட்டமன்றத்தில் படத்திறப்பு, பள்ளிக்கூடத்தில் படத்திறப்பு, பதினாறாம் நாள் காரியத்திலும் படத்திறப்பு. உயிரோடு நன்றாக இருக்கிற சித்தப்பாவிடம் போய் ‘உங்க உருவப்படம் ஒண்ணு எடுக்கணும் சித்தப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுண்டிவிடும். ‘போர்ட்ரெய்ட் ஒண்ணு எடுக்கலாமா’ என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார். சொல்லின் மேல் மாலை விழுந்துவிட்டது. அதனால்தான் இளைஞர்கள் ஆங்கிலச் சொல்லுக்குத் தாவுகிறார்கள், தமிழில் சொல் இல்லாததால் அல்ல.

இதை நம் ஊர்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டு லண்டனில் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்குள் நுழைந்தால் அங்கேயும் மாலை வாசம்தான். 1856இல் அதைத் தொடங்கியவர்கள் வரைந்தவரின் திறமையைப் பார்க்கவில்லை. படத்தில் இருப்பவரின் புகழைப் பார்த்தே படம் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். சேகரிப்பில் முதலில் வந்தது ஷேக்ஸ்பியருடையதாகக் கருதப்படும் சாண்டோஸ் படம். அதை வரைந்தவர் யார் என்பதும், அதில் இருப்பவர் அவர்தானா என்பதும் இன்றுவரை வாதத்துக்குரியவை. அரசரும் அவர் துணையும் நீங்கலாக, உயிரோடிருப்பவர், இறந்து பத்தாண்டு ஆகாதவர் எவருடைய படமும் நிரந்தரச் சேகரிப்பில் சேராது என்ற விதி 1969 வரை நடப்பில் இருந்தது. அதாவது நூறாண்டுக்கும் மேலாக அது திருவுருவப்படக் கூடம். 1968இல் செசில் பீட்டனின் ஒளிப்படங்களை வைத்து நடத்திய பெரிய கண்காட்சிக்குப் பிறகுதான் காற்று மாறியது. இன்றும் அந்தக் கூடம் ஒரு படத்துக்குப் பெயரிடும்போது படத்தில் இருப்பவரை முதலில் சொல்லும். எடுத்தவர் பெயர் அடுத்துத்தான். வழக்கமான ஓவியக்கூடத்தில் இது தலைகீழ்.

பார்த்த படங்களில் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்பது எங்கள் ஒளிப்பட வகுப்பு வேலை. நான் எடுத்துக்கொண்டது ஜூலியா மார்கரெட் கேமரன் 1867இல் எடுத்த ஜான் ஹெர்ஷல் படம். வானியல் அறிஞரான ஹெர்ஷலுக்கு அப்போது 75 வயது. உடம்பு முழுக்கக் கறுப்புத் துணிக்குள் கரைந்துவிட்டது. மிச்சம் இருப்பது முகமும், கலைந்து நிற்கிற வெள்ளை முடியும். கிட்டப் போய்ப் பார்த்தால் கண்ணுக்குக் கீழே பையாகத் தொங்கும் தோல், நெற்றி வரிகள், சவரம் செய்யாத மோவாய். வரிகள் நிஜத்தில் இருந்ததைவிட ஆழமாகத் தெரிவதற்குக் காரணம் ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு. அது நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். சிவப்பு அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. முதுமையில் சிவந்த தோலெல்லாம் அதனால் கறுத்து விழுகிறது. ஒளி விழ விட வேண்டிய நேரமோ நிமிடக் கணக்கு. அவ்வளவு நேரம் மூச்சுக்கூட முகத்தை லேசாக அசைக்கும். படத்தில் உள்ள மென்மையில் லென்ஸுக்கு ஒரு பங்கு, அந்த மூச்சுக்கு ஒரு பங்கு. கூர்மை இல்லை, கைத்திறம் போதாது என்று அந்தக் காலத்து ஒளிப்படச் சங்கத்தார் கேமரனைக் குறை சொன்னார்கள். அவர்கள் கேட்ட கூர்மையோடு எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை இன்று யார் நின்று பார்க்கிறார்கள்?

ஹெர்ஷலைத் தேர்ந்ததற்கு ஒரு சொல்லும் காரணம். 1839இல் ‘போட்டோகிராபி’ என்ற சொல்லை ராயல் சொசைட்டியில் முன்வைத்து நிலைக்கச் செய்தவர் அவர். ‘நெகட்டிவ்’, ‘பாசிட்டிவ்’ என்ற பெயர்களும் அவர் கொடுத்தவைதான். கிரேக்கத்தில் ஒளி, எழுத்து என்ற இரண்டையும் சேர்த்தால் போட்டோகிராபி. அந்தக் கணக்கில் நம் ஒளிப்படம் சரியான பெயர். நிழற்படமும் தள்ளத்தக்கதில்லை, பழந்தமிழில் நிழலுக்குக் கண்ணாடியில் தெரியும் உரு என்ற பொருளும் உண்டு. புகைப்படத்தில் புகை எங்கிருந்து வந்தது என்றால், மக்னீசியப் பொடி கொளுத்திய காலத்துப் புகை என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் எப்படியோ, அதிகம் புழங்குவது அந்தச் சொல்தான், புழங்கட்டும்.

கேமரனுக்கும் நம் பக்கத்துக்கும் மெய்யான தொடர்பு உண்டு. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் கொடுத்த கேமராவில் தொடங்கியவர். கணவர் சார்லஸ் ஹே கேமரனுக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள். தென்னிந்தியாவிலிருந்து போன தமிழர்கள் உழைத்த மலைத் தோட்டங்களின் காலம் அது. 1875இல் குடும்பம் இலங்கைக்கே குடிபோனது. 1879இல் ஜூலியா அங்கேயே இறந்தார். கல்லறை இன்றைய மலையகத் தமிழர் ஊரான பொகவந்தலாவையில் இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் கைக்குக் கிடைப்பவை சில. அவற்றுள் களுத்துறைக் குடியானவர்களின் படம் ஒன்று. அதன் கீழே கேமரன் எழுதிய குறிப்பு, பெண்ணுக்கு 12 வயது, கிழவர் தன்னை அவளுடைய தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்று போகிறது. வயதைக் கேட்டவர் பெயரை எழுதவில்லை. அதே கைதான் கவிஞர் டென்னிசன், எழுத்தாளர் கார்லைல், டார்வின், ஹெர்ஷல் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எடுத்தது.

இங்கேதான் சொல்லின் எல்லை தெரிகிறது. 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் ஒரு படத்தொகுப்பு வந்தது. நூற்றுக்கணக்கான முகங்கள், எடுப்பாக எடுத்த படங்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு சாதிக்கோ குடிக்கோ மாதிரியாகத்தான் ஆள் அதில் நிற்கிறார். தலை இருக்கிறது, தோள் இருக்கிறது, பார்வைகூட இருக்கிறது. இருந்தும் அதை உருவப்படம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் அதே குடியைச் சேர்ந்த வேறொருவரை உட்கார வைத்திருந்தாலும் தொகுத்தவருக்கு வேலை முடிந்திருக்கும். ஆளை மாற்றினால் படம் செத்துப்போக வேண்டும், அப்போதுதான் உருவப்படம். களுத்துறைப் படம் எந்தப் பக்கம் என்பதில் எங்கள் வகுப்பிலேயே இரண்டு கட்சி. பெயர் இல்லாவிட்டாலும் நூறு வயது என்று அடித்துச் சொன்ன அந்தக் கிழவரின் குரல் குறிப்பில் இருக்கிறதே என்பது என் கட்சி.

சொல்லின் உறுப்புகளையும் பார்த்துவிடலாம். உரு என்பதை வடமொழி ரூபத்தோடு இணைப்பவர்களும் உண்டு, தனித்தமிழ் என்று நிறுவுபவர்களும் உண்டு. அந்த வழக்கு தீரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. படம் முதலில் துணி. துணியில் எழுதியது படமாகி, பிறகு துணி இல்லாமலே படமானது. துணிக்கு இன்னொரு பழைய பெயர் கிழி. காதலியை மணம் முடித்துத் தரும்படி ஊரை வற்புறுத்தப் பனைமடலால் செய்த குதிரையில் ஏறுவது மடலேறுதல். அப்படி மடலேறப் போகிறவன் காதலியின் உருவை எழுதிய கிழியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் வருவான். ‘ஓர் கிழிபிடித்து’ என்று திருக்கோவையாரில் வருகிறது. யாரோ ஒரு பெண்ணின் படத்தால் அவனுக்கு ஆவதொன்றுமில்லை. இன்னாருடைய மகள் என்று ஊர் அடையாளம் காண வேண்டும், அதுதான் மிரட்டலே.

இதைவிட நல்ல சான்று சீவக சிந்தாமணியில் இருக்கிறது. அசனிவேகம் என்ற யானை மதம்கொண்டு ஓடிவர, அதன் முன்னே குணமாலை அஞ்சி நிற்கிறாள். சீவகன் யானையை அடக்கிக் காப்பாற்றுகிறான். பிறகு வீட்டில் உட்கார்ந்து வண்ணம் கூட்டிக் கிழியில் அவளைத் தீட்டுகிறான். எதைத் தீட்டினான் என்பதற்குத் திருத்தக்கதேவர் சொல்வது ‘நாட்டமும் நடுக்கமும்’. அழகான பெண் என்று பொதுவாக எழுதவில்லை. யானைக்கு முன் நின்ற அந்த நொடியில் அவள் கண் போன போக்கும், உடம்பு நடுங்கிய நடுக்கமும். சீவகனின் மனைவி காந்தருவதத்தை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஊடுகிறாள். பொதுவான அழகியின் படமாக இருந்திருந்தால் அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. லத்தீன்காரர் ‘வெளியே இழு’ என்றதற்குத் தமிழில் உரை வேண்டுமென்றால் இந்த இரண்டு சொல்லையே காட்டுவேன். பழந்தமிழில் படத்தை எழுதினார்கள். கேமரா வந்தபின் எடுக்கிறோம், பிடிக்கிறோம். எடுப்பது அந்த இழுப்புக்குப் பக்கத்திலேயே வருகிறது.

வேறு சொற்களும் போட்டியில் உண்டு. முகப்படம் என்று சிலர் எழுதுகிறார்கள். கையை மட்டும் காட்டியும் ஒருவருடைய உருவப்படம் எடுக்கலாம் என்பதால் அது குறுகல். விண்ணப்பப் படிவங்களில் வரும் மார்பளவுப் படம் அளவைச் சொல்கிறது, அவ்வளவுதான். பாஸ்போர்ட் சைஸ் போல அதை அதன் வேலையில் விட்டுவிடலாம். ஓவியமா ஒளிப்படமா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் உருவ ஓவியம், உருவ ஒளிப்படம் என்று எழுதலாம். மற்ற இடங்களில் வெறும் உருவப்படமே போதும். ‘திரு’வைத் தலைவர்களுக்கும் மறைந்தவர்களுக்கும் விட்டுவிட்டு, உயிரோடிருப்பவர் படத்துக்கு இந்தச் சொல்லை நாலு பேர் நாலு தடவை எழுதினால் மாலை வாசம் தானாகக் குறையும்.

படத்துக்கென்று உட்காருபவரை ஆங்கிலத்தில் ‘சிட்டர்’ என்பார்கள். நம் வகுப்புகளில் ‘சப்ஜெக்ட்’ என்கிறார்கள், எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. படத்துக்குரியவர் என்றால் உரிமையும் சேர்ந்தே வருகிறது. தன்னைத் தானே எடுப்பது தன்னுருவப்படம். செல்ஃபிக்குத் தாமி, தம்படம், சுயமி என்று பல சொற்கள் உலவுகின்றன. எதை எடுத்தாலும் அதைத் தன்னுருவப்படத்தோடு குழப்ப வேண்டாம். கண்ணாடி முன் மணிக்கணக்கில் விளக்கை நகர்த்தி நகர்த்தி எடுப்பது ஒன்று, பேருந்துக்குக் காத்திருக்கும்போது கையை நீட்டி எடுப்பது இன்னொன்று.