படர்தாமரை கேப்சூலுக்குள்ள ஏன் குட்டி குட்டி உருண்டை?

காரைக்குடி வேர்வைக்கு படர்தாமரைக்கு பஞ்சமே இல்ல. மெடிக்கல்ல நிக்கிற எனக்கு அதுக்கு குடுக்குற இட்ராகொனசோல்ங்குற மருந்து பேரு தூக்கத்துல கூட வரும். அந்த கேப்சூலை திறந்தா பவுடர் இருக்காது, கடுகை விட சின்னதா வெள்ளை உருண்டைங்கதான் கொட்டும்.

விஷயம் என்னன்னா இந்த மருந்து தண்ணில கரையவே மாட்டேங்குது, கரையாதது குடல் சுவரை தாண்டாது, காசு கொடுத்து வாங்குனது அப்படியே வெளிய போயிரும். அமிலம் இல்லாத தண்ணில லிட்டருக்கு சுமார் 1 மைக்ரோகிராம்தான் கரையும், அந்த கணக்குக்கு ஒரு கேப்சூல்ல இருக்குற 100 மில்லிகிராம் கரைய ஒரு லட்சம் லிட்டர் வேணும்!

பழைய வழி அரைக்கிறது. 1 மில்லிமீட்டர் கட்டியை 1 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) துண்டா ஆக்கினா மேற்பரப்பு 1000 மடங்கு ஆகும், கரையுற வேகமும் ஏறும். கிரைசியோஃபுல்வின்னு பழைய படர்தாமரை மருந்தை இப்படி நுணுக்குனதும் பாதி டோஸே போதும்னு ஆச்சு. இட்ராகொனசோலுக்கு அது பத்தாது, ஏன்னா கிரிஸ்டலா இருக்குற வரைக்கும் மூலக்கூறுங்க ஒண்ணையொண்ணு இறுக்கி பிடிச்சிருக்கும். கற்கண்டுல சர்க்கரை வரிசை கட்டி நிக்குது, அதே பாகை சட்டுனு ஆறவிட்டா வரிசைக்கு நேரமில்லாம கண்ணாடி மாதிரி உறையுதுல்ல, அதைத்தான் இங்கயும் பண்றாங்க. மருந்தையும் ஒரு பாலிமரையும் (நீள சங்கிலி மாதிரி மூலக்கூறு) சால்வென்ட்ங்குற கரைக்கிற திரவத்துல கரைச்சு சர்க்கரை உருண்டை மேல ஸ்ப்ரே பண்ணி வேகமா காய வச்சிருவாங்க. மருந்து மறுபடி கிரிஸ்டலாகாம பாலிமர் பிடிச்சு வச்சுக்கும், வயித்துல ஈரம் பட்டதும் தற்காலிகமா நிறையவே கரையும்.

ஆனா அதுக்கு அமிலம் வேணும். இங்க நம்ம டாக்டருங்க எந்த சீட்டுலயும் கேஸ் மாத்திரை இல்லாம விடுறதில்ல, அது அமிலத்தை குறைக்கும், கேப்சூல் பாதி வீணாப் போகும். அமிலம் கம்மியானவங்க கோலாவோட சாப்பிடலாம்னு அமெரிக்க லேபிள்லயே போட்டிருக்கு, டயட் கோலா ஆகாதாம்.

"வெறும் வயித்துல போட்டா சீக்கிரம் கேக்காதா தம்பி?"ன்னு ஒரு ஆச்சி கேட்டாங்க. "இல்ல ஆச்சி, நல்லா சாப்பிட்ட உடனே போடுங்க"ன்னேன். சாப்பாடு மருந்தை வயித்துல கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும், கொழுப்புக்கு சுரக்குற பித்தநீர் கரைக்கவும் உதவும். வேடிக்கை என்னன்னா இதே மருந்தோட சிரப்பை வெறும் வயித்துலதான் குடிக்கணும், அதுல சைக்ளோடெக்ஸ்ட்ரின்னு ஒரு வளைய மூலக்கூறு மருந்தை தன் குழிக்குள்ள தூக்கிட்டு வந்து ஏற்கனவே கரைச்சு வச்சிருக்கு.

இப்ப இதே இட்ராகொனசோல்ல சூபான்னு புது ரக கேப்சூல் ஓடுது. பாலிமர் வேற, குடல்ல கரையுற ஜாதி, அதனால வயித்து அமிலத்தை அவ்வளவா நம்பி இல்ல. அதுல 65 மில்லிகிராம் பழசோட 100க்கு ஈடு. "கம்மி பவர் குடுத்து ஏமாத்துறீங்களா"ன்னு சண்டைக்கு வர்றவங்களும் உண்டு, பழசு 100ஐ எடுத்துக்கிட்டு போறேன்னு தானா மாத்திக்கிறவங்களும் உண்டு. சீட்டுல சூபான்னு எழுதியிருந்தா டாக்டரை கேக்காம நாங்க மாத்திக் குடுக்க மாட்டோம்.