ஒரு கப் மாவில் எவ்வளவு மாவு?

'ஒரு கப் எத்தனை கிராம்?' என்று யாராவது கேட்டால், 'எதில் ஒரு கப்?' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. 240 மில்லி பிடிக்கும் கப்பில் தண்ணீர் என்றால் 240 கிராம். எண்ணெய் என்றால் 220 கிராம் சுமாருக்கு வரும். தேன் 340 பக்கம் போய்விடும். திரவங்களுக்குக் கணக்கு சுலபம்: மில்லியை அடர்த்தியால் பெருக்கினால் கிராம். தண்ணீருக்கு 1, எண்ணெய்க்கு 0.92, தேனுக்கு ஏறக்குறைய 1.4.

சிக்கல் ஆரம்பிப்பது சர்க்கரையில். ஒரு கப் சர்க்கரை சுமார் 200 கிராம், அதாவது தண்ணீரைவிடக் குறைவு. ஆனால் சர்க்கரையைத் தண்ணீரில் போட்டால் அடியில் போய்த்தானே உட்காருகிறது? காரணம், சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி 1.59. அப்படிப் பார்த்தால் 200 கிராமுக்கு 126 மில்லி இடமே போதும். மீதி 114 மில்லி வெறும் காற்று.

ஒரே அளவு உருண்டைகளைப் பாத்திரத்தில் கொட்டி நன்றாகக் குலுக்கினாலும் ஏறக்குறைய 64 சதவீத இடம்தான் நிரம்பும். உருண்டை பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. அப்படியானால் சர்க்கரையைப் பொடித்தாலும் கப்பின் எடை மாறக் கூடாது. ஆனால் பொடித்த சர்க்கரை ஒரு கப் 120 கிராம் அளவுக்குத்தான் வருகிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். துகள் சிறுக்கச் சிறுக்க அதன் எடை மளமளவென்று குறைகிறது. பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளும் விசை அந்த வேகத்தில் குறைவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒட்டும் விசை ஜெயித்துவிடுகிறது. உருண்டு போய்ப் பள்ளத்தை அடைக்க வேண்டிய துகள், பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் பாலம் போல நின்றுவிடுகிறது. பாலத்துக்கு அடியில் காற்று.

மைதாவும் இதே ரகம். கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்டால் ஒரு கப்பில் 120 கிராம் சுமாருக்கு இருக்கும். அந்தக் கப்பை மேசைமேல் நாலு தட்டு தட்டிப் பாருங்கள், பாலங்கள் உடைந்து மட்டம் கண்ணெதிரே இறங்கும். கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வரும். அதே கப், அதே மாவு, ஆனால் கால் பங்கு கூடுதல்! கேக் கல்லானதற்கு அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

போதாக்குறைக்குக் கப்பும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி, ஜப்பானியக் கப் 200. உப்பிலும் கவனம் தேவை: தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் என்றால், செதில் செதிலான உப்பு அதில் பாதிகூட இருக்கலாம்.

ஆகவே எந்த அட்டவணையையும் அப்படியே நம்புவதைவிட, உங்கள் கப்பில், உங்கள் கைப்பழக்கத்தில் மூன்று தடவை அள்ளி நிறுத்து, சராசரியை டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுவது மேல்.

சரி, எல்லாவற்றையும் தராசிலேயே நிறுத்துவிடலாமா? ஈஸ்ட் மாதிரி சின்ன அளவுகளில் அது காலை வாரும். ஒரு கிராம் கூடக்குறையக் காட்டும் தராசில் 3 கிராமை நிறுத்தால் மூன்றில் ஒரு பங்கு தப்பலாம். அங்கே ஸ்பூனே நம்பகமானது. எடை தெரிந்தே ஆக வேண்டுமென்றால் பத்து ஸ்பூன் சேர்த்து நிறுத்து, பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.