அந்த ரிப்போர்ட்டை ஒளித்து வைக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. 43 வயதுப் பெண், கைப்பையின் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேஜையில் வைத்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி என்ற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் டிஎன்ஏ பரிசோதனை, அதில் டைப் 16 என்ற வகை பாசிட்டிவ். தேதியைப் பார்த்தால் எட்டு மாதம் முந்தையது. தாளின் மேல் ஓரம், பெயர் இருக்கும் இடம், கிழிக்கப்பட்டிருந்தது. "அவர் கண்ணில் பட்டால் என்ன நினைப்பாரோ டாக்டரம்மா" என்றார். உறவுக்குப் பின் ரத்தம் கசிந்தும் எட்டு மாதம் வாய் திறக்கவில்லை.

எனக்குக் கோபம், "இது உடலுறவில் வரும் வைரஸ்" என்று ஒற்றை வரி சொல்லி அவரை அனுப்பியவர்கள் மேல்தான்.

ஆமாம், அந்த வழியாகத்தான் வரும். ஆனால் தாம்பத்யத்தில் இருக்கிற பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்து போகிற வைரஸ் இது, ஆண் பெண் இருவருக்கும்தான். பலருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும், சிலருக்கு வருடக்கணக்கில் பதுங்கிக் கிடந்துவிட்டு அப்புறம் பரிசோதனையில் தலைகாட்டும். இன்றைக்குப் பாசிட்டிவ் வந்ததால் போன மாதம் தொற்றியது என்று அர்த்தமே இல்லை. கல்யாணமான புதிதில் வந்ததாக இருக்கலாம், கணவருக்கு அதற்கும் முன்பே இருந்திருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது என்று இந்தப் பரிசோதனையால் சொல்லவே முடியாது. தயவுசெய்து இதை வைத்து வீட்டில் யாரையும் விசாரிக்காதீர்கள்.

பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்றும் பயப்பட வேண்டாம். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இந்த இரண்டு வகைகள்தான் காரணம், அதனால் இவை வந்தால் கால்போஸ்கோபியை, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனையை, தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பப்பை வாயில் கண்ணுக்கே தெரிகிற வளர்ச்சியோ சந்தேகமான புண்ணோ இருந்தால் எச்பிவி நெகட்டிவ் என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது, அங்கே சிறு துண்டு சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் முடிவு சொல்லும். சக மருத்துவர்களுக்கும் சொல்கிறேன்: "புண் இருக்கு" என்று மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவதும், ஒரு பரிசோதனையும் செய்யாமல் அந்தப் புண்ணைச் சுட்டுவிடுவதும், கர்ப்பப்பையையே எடுக்கச் சொல்வதும் போதும்.

30 வயது ஆகிவிட்டதா, இந்த எச்பிவி பரிசோதனையை ஒரு தடவை எடுத்துவிடுங்கள். நெகட்டிவ் என்றால் அடுத்தது 5 முதல் 10 வருடம் கழித்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்ஐவி உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும், இடைவெளியும் குறைவு. தடுப்பூசி போட்டவர்களுக்கும் விலக்கு இல்லை. மாதவிடாய் நாட்களில் வேண்டாம், பிறப்புறுப்புக்குள் வைக்கும் மாத்திரையை இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சின்ன பிரஷ்ஷால் தடவி எடுப்பதுதான், சில நிமிட வேலை. கூச்சமாக இருந்தால் மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் ரத்தக்கசிவு இருந்தால் அது போதாது, நேரில் வாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே கால்போஸ்கோபியில் பார்த்து பயாப்ஸி எடுத்தோம், முடிவு வியாழக்கிழமை வரும். கணவரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன்.