கட்டை நகராவிட்டால் டிராக்டர் எழும்பும்

காட்டில் விறகுக்கு மரம் வெட்டுகிறவர்கள் அறுக்கும் மெஷினைப் பார்த்துப் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியதுதான். ஆனால் வெட்டிய கட்டையைப் பழைய டிராக்டரில் கட்டி இழுக்கும்போதும் அதே அளவு ஆபத்து கூடவே வருகிறது. அது வெளியே தெரிவதில்லை. சங்கிலியை டிராக்டரில் எந்த உயரத்தில் மாட்டுகிறோம் என்பதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது.

முதலில் எடையைப் பார்ப்போம். 40 செ.மீ. விட்டமும் 4 மீட்டர் நீளமும் உள்ள அடிமரம் ஏறக்குறைய அரை கன மீட்டர் இருக்கும். பச்சையாக இருந்தால் பல மரங்களில் அது 400 முதல் 500 கிலோ வரை வரும். அதில் பாதிக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீராகவே இருக்கலாம். அதனால்தான் சிலர் மரத்தைச் சாய்த்ததும் கிளை கழிக்காமல் இலையோடு சில வாரம் விட்டுவிடுகிறார்கள். வேர் போன பிறகும் இலைகள் வாடும்வரை தண்டிலிருந்து நீரை இழுத்து ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். இழுக்கும் எடை அங்கேயே குறையத் தொடங்கும்.

தரையில் கிடக்கும் கட்டையை இழுக்க அதன் எடையில் பாதியளவு விசையாவது வேண்டும். மண் இளகி, கட்டையின் முனை உள்ளே குத்திக்கொண்டால் இன்னும் கூடும். அப்போது கட்டை ஏர் மாதிரி மண்ணை உழுகிறது. கனமான கட்டிலை நகர்த்தும்போது ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து இழுப்போமே, அதே வேலையை இங்கேயும் செய்யலாம். முன் முனையைத் தரையிலிருந்து எழுப்பினால் முனை மண்ணில் குத்தாது. கட்டையின் எடையில் பாதி டிராக்டரின் பின் சக்கரங்களுக்குப் போய்விடும், அதனால் டயரின் பிடிப்பும் கூடும். ஒரே செயலில் இரண்டு லாபம்.

அப்படியானால் நன்றாக உயர்த்தியே கட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து.

ஒரு கணக்கு போடுவோம். 35 குதிரைத்திறன் டிராக்டர் கீழ் கியரில் மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் போகிறது. பல்சக்கர உராய்வு போக 20 கிலோவாட் சக்கரத்துக்கு வந்தால், அது தரக்கூடிய இழுவிசை மூன்றரை டன் எடைக்குச் சமம். டிராக்டரின் எடையோ 1,600 கிலோதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னையே இருமடங்குக்கு மேல் தூக்கும் பலம் அதற்கு உண்டு. வழக்கமாக டயர் வழுக்கிவிடுவதால்தான் அந்தப் பலம் முழுதாக வெளியே வருவதில்லை. மண்ணில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு ஏறத்தாழ 1,000 கிலோ இழுவையைத்தான் தாங்கும்.

இந்த மாதிரி டிராக்டரில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் இருக்கும். அச்சுகளுக்கு இடையே 1.9 மீட்டர் என்றால், ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு முன்னால் சுமார் 63 செ.மீ. தள்ளி வரும். முன் சக்கரம் தரையில் நிற்பது இந்த 63 செ.மீ.யின் பலத்தில்தான். சங்கிலி தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருந்தால், முன்புறத்தை எழுப்ப 2,500 கிலோ இழுவை தேவை. அவ்வளவு வருவதற்கு வெகு முன்பே டயர் வழுக்கிவிடும். அதே சங்கிலியை ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டினால் 1,000 கிலோவே போதும். டயர் வழுக்குவதும் மூக்கு எழும்புவதும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஏற்றத்தில் மையம் இன்னும் பின்னால் போய்விடும், அப்போது அந்த 1,000கூட வேண்டாம்.

கீழே மாட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்புறம் கொஞ்சம் எழும்பினால், பின்னால் தாழ நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி மேலும் தரைப்பக்கம் இறங்கும். இழுவையின் நெம்புகோல் குறுகி, எழுச்சி தானாகவே மட்டுப்படும். அச்சுக்கு மேலே மாட்டினால் இந்தத் திருத்தம் நடக்காது.

கட்டை ஒரு வெட்டுக்குற்றியில் மாட்டி நின்றுவிட்டது, சக்கரமும் சேற்றில் புதைந்து இறுகிவிட்டது என்றால் நிலைமை இன்னும் மோசம். அச்சு சுழல முடியாதபோது, எஞ்சினிலிருந்து வரும் பினியன் (சின்னப் பல்சக்கரம்), அச்சைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான, இப்போது அசையாத கிரவுன் வீலின் மேல் ஏறத் தொடங்குகிறது. டிராக்டரின் உடம்பே அச்சைச் சுற்றிச் சுழலும். கிளட்சைச் சட்டென்று விட்டால், எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றலும் அதே நொடியில் வந்து சேரும். டிராக்டர் மல்லாக்கப் புரண்டு முடிய ஒன்றரை நொடி ஆகலாம். ஆனால் மீளமுடியாத கட்டத்தைத் தாண்ட ஒரு நொடிகூடத் தேவையில்லை. ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க நினைத்து முடிப்பதற்குள் அது தாண்டிவிடும். முன்னறிகுறி ஒன்றே ஒன்றுதான்: ஸ்டீயரிங் லேசாகிவிடும். கையில் அது தெரிந்தவுடன் கிளட்சை மிதித்து, பின்வாங்கி, கட்டையின் திசையை மாற்ற வேண்டும்.

இந்தப் புரளல் புதிய கதை அல்ல. டிராக்டர் வடிவமைப்பாளர் ஹாரி ஃபெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்ற மூன்று-புள்ளி இணைப்பு (ஏரைக் கீழே இரண்டு கம்பிகளாலும் மேலே ஒரு கம்பியாலும் டிராக்டரில் பிணைக்கும் முறை), ஏர் கல்லில் மாட்டினால் டிராக்டர் பின்னோக்கிப் புரளும் பிரச்சினைக்கும் விடை சொன்னது. ஏரின் எதிர்ப்பு மேல் கம்பி வழியாக டிராக்டரை முன்னோக்கித் தள்ளி, மூக்கை அழுத்திப் பிடிக்கும். கட்டை இழுப்பவர்கள் சிலர் அந்த மேல் கம்பி மாட்டும் இடத்திலேயே சங்கிலியை மாட்டிவிடுகிறார்கள். அது நேர் எதிரான பயன்பாடு, கண்டிப்பாகச் செய்யவே கூடாது. கவிழ்ந்தாலும் நசுங்காமல் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களுக்குச் சுவீடன் 1959இலேயே கட்டாயமாக்கியது. பழைய டிராக்டர்களில் பல, அந்தச் சட்டகம் இல்லாமலேதான் இன்னும் ஓடுகின்றன. பொருத்த முடிந்தால் பொருத்திவிடுங்கள். அதோடு சீட் பெல்ட்டும் வேண்டும், இல்லாவிட்டால் சட்டகத்துக்கு வெளியே தூக்கி எறியப்படுவோம்.

ஆகவே கட்டையின் முன் முனை தரையை விட்டு ஒரு சாண் எழும்பினால் போதும். இழுவை மட்டும் அச்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். சங்கிலி மெல்ல இறுகிய பிறகே கிளட்சை முழுதாக விட வேண்டும். இறக்கத்தில் இறங்குமுன்னே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். நடுவில் கிளட்சை மிதித்தால் எஞ்சின் பிடிப்பு போய்விடும். ஈரச் சரிவில் கட்டை வழுக்கி டிராக்டரின் மேலேயே வரும்.

இழுத்து வந்த கட்டையைத் துண்டு போடும்போதும் விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரு முனையும் ஏதாவது ஒன்றின் மேல் தாங்கி, நடு அந்தரத்தில் நின்றால் மேல்பக்க நார்கள் நெருங்கியும் கீழ்ப்பக்க நார்கள் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே முழுதாக அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு சங்கிலிவாளைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, மீதியைக் கீழிருந்து முடித்தால் வெட்டு திறந்துகொண்டே போகும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறு முனை அந்தரத்தில் தொங்கினால் வரிசை தலைகீழ்: முதலில் கீழிருந்து, அப்புறம் மேலிருந்து.