அது சீலிங் ஃபேன் இல்லைங்க

நேற்றும் ஒருவர். கேதார்நாத் யாத்திரை ஹெலிகாப்டர்கள் கிளம்பும் ஃபாட்டா ஹெலிபேடில் அன்றைய கடைசி நடை முடிந்து என்ஜினை அணைத்ததுமே, கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடி வந்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்தால், நம்ம ஊர்க்காரர். "அதான் மெதுவாகிடுச்சே சார், ஃபேன் அவ்வளவு உயரத்துல இருக்கு, என்ன ஆகிடப்போகுது?" என்கிறார். இந்த சீசனில் இதே கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்!

வீட்டு ஃபேன் ஓடினாலும் நின்றாலும் அதே உயரத்தில்தான் இருக்கும். விறைப்பான தகடு, ஸ்க்ரூ போட்டு முடுக்கியது. ஹெலிகாப்டர் பிளேடை அப்படிப் பூட்டுவதில்லை. கேதார்நாத்துக்குப் பறக்கும் எச் 125 ரக ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கண்ணாடியிழையால் ஆன நட்சத்திரம், அதற்கு மூன்று கைகள், கைக்கு ஒரு பிளேடு. அந்தக் கைகள் வளைவதற்காகவே செய்யப்பட்டவை. பறக்கும்போது காற்றை எதிர்த்து வரும் பிளேடு எழும்பவும், எதிர்ப்பக்கத்துப் பிளேடு தாழவும் அந்த வளைவுதான் இடம் கொடுக்கிறது. தினமும் காலையில் டார்ச் அடித்து அந்தக் கைகளில் விரிசல் தேடுகிறவன் நான், சொன்னால் நம்புங்கள்.

நிமிடத்துக்கு 390 சுற்று சுற்றும்போது பிளேடை விறைப்பாக நீட்டி வைத்திருப்பது மையவிலக்கு விசை. வேகம் குறையக் குறைய அந்தப் பிடி விட்டுப்போகும். பிளேடு தன் எடையிலேயே தொய்யும். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு காற்று அடித்தால் நுனி எவ்வளவு கீழே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெதுவாகிவிட்டது என்று நீங்கள் உள்ளே வருகிற அந்த நேரம்தான் பிளேடு தலைக்குக் கிட்டே இருக்கிறது.

சரி, முழு வேகத்தில் ஓடும்போது உயரம் மாறாதா? மாறும். பைலட் தன் கையில் இருக்கும் சைக்ளிக் என்ற நெம்புகோலைத் தள்ளினால், பிளேடுகளுக்கு அடியில் உள்ள ஸ்வாஷ்பிளேட் என்ற தட்டு சாயும், அதிலிருந்து போகும் தண்டுகள் ஒவ்வொரு பிளேடின் கோணத்தையும் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் மாற்றும், மொத்த ரோட்டாரும், அதாவது சுற்றும் பிளேடுகள் எல்லாம் சேர்ந்து, அந்தப் பக்கம் சரியும்.

வாலில் சுற்றும் சின்ன ரோட்டார் இன்னும் மோசம். நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஓடுவதால் கண்ணுக்கே தெரியாது. 2023 ஏப்ரலில் கேதார்நாத்தில் அது அடித்து இறந்தவர், உத்தரகண்ட் அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பிலேயே அதிகாரியாக இருந்தவர்.

ஊழியர் கையசைக்கும் வரை நகராதீர்கள். பைலட் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்பக்கமாக, குனிந்து வாருங்கள். சரிவான இடத்தில் மேட்டுப் பக்கமாக இறங்கி வரவே கூடாது, அங்கே பிளேடுக்கும் தரைக்கும் இடைவெளி குறைவு. குடை, கைத்தடி, செல்ஃபி ஸ்டிக் எல்லாம் இடுப்புக்குக் கீழே, படுக்கை வசத்தில். தொப்பி பறந்தால் போகட்டும், துரத்தாதீர்கள். வால் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள் அம்மா, தயவுசெய்து.

போட்டோ வேண்டுமா? பிளேடு முழுசாக நிற்கட்டும், நானே எடுத்துத் தருகிறேன்.