கருக்கலைப்பு முறையைச் சட்டமன்றம் முடிவு செய்யலாமா?

ஒரு மகப்பேறு மருத்துவராக நான் பார்க்கும் கருக்கலைப்புகளில் மிகவும் வேதனையானவை ஐந்தாம் மாதத்தில் வருபவைதான். ஆசையாகச் சுமந்த பிள்ளையாக இருக்கும். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் மூளையோ இதயமோ சரியாக உருவாகவில்லை என்று தெரியவரும். சிலருக்குப் பனிக்குடம் முன்கூட்டியே உடைந்து காய்ச்சலும் தொடங்கியிருக்கும்.

மூன்று மாதத்துக்குள் என்றால் மாத்திரை, அல்லது உறிஞ்சி எடுக்கும் முறை. அதைத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டே வழிதான். ஒன்று, மருந்து கொடுத்துப் பிரசவ வலியை வரவழைப்பது. ஒரு நாள்கூட ஆகலாம். பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இதையே கேட்கும் தாய்மார்கள் உண்டு. மற்றொன்று, கருப்பை வாயை விரித்து, மயக்க மருந்து கொடுத்து, கருவிகளால் கருவை எடுக்கும் டி அண்ட் ஈ முறை. இதில் கரு பகுதி பகுதியாகத்தான் வெளியே வரும். கேட்கவே கஷ்டமாக இருக்கும். அதற்காக நான் இதை மறைத்துச் சொல்வதில்லை. ஆனால் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டு ரத்தம் போகும்போதும், கிருமித்தொற்று ஏறும்போதும், தேர்ந்த கையில் சீக்கிரம் முடிந்துவிடும் இந்த முறைதான் பல நேரம் தாயைக் காப்பாற்றும்.

கரு உயிருடன் இருக்கும்போது இந்த முறையைச் செய்வதைத்தான் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் 2015-ல் தடை செய்தது. நாட்டிலேயே முதல் தடை அது. ஆளுநர் சாம் பிரவுன்பேக் கையெழுத்திட்டார். தாயின் உயிருக்கு ஆபத்து, உடலுக்குச் சரிசெய்ய முடியாத பெரும் பாதிப்பு என்ற நிலைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த நிலை வரும்வரை மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? முதலில் ஊசி போட்டுக் கருவின் இதயத்துடிப்பை நிறுத்திவிட்டு, பிறகு செய்யலாமே என்று அரசுத் தரப்பு வாதாடியது. தாய்க்கு மருத்துவ ரீதியில் தேவையில்லாத ஓர் ஊசியைச் சட்டத்துக்காக அவள் வயிற்றில் ஏற்றுவதை என்னால் சிகிச்சை என்று சொல்ல முடியாது.

ஹெர்பர்ட் ஹோட்ஸ், ட்ரேசி நவுசர் என்ற இரண்டு மருத்துவர்கள், தந்தையும் மகளும், வழக்குப் போட்டார்கள். அமலுக்கு வருவதற்கு முன்பே சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை மாநில அரசியல் சாசனம் காக்கிறது என்று கான்சாஸ் உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. சாசனத்தையே திருத்தலாமா என்று 2022 ஆகஸ்டில் மக்களிடம் கேட்டார்கள். சுமார் 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2024 ஜூலையில் அந்தத் தடைச் சட்டம் ரத்தானது.

டெக்சாஸில் கதை வேறு. 2017-ல் கொண்டுவந்த இதே போன்ற தடையை 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. இப்போது கருக்கலைப்பே ஏறக்குறைய முழுவதும் தடை. நம் நாட்டுச் சட்டத்திலும் வார வரம்பு, மருத்துவர் ஒப்புதல் என்று நிபந்தனைகள் உண்டு. ஆனால் மருந்தா, அறுவை முறையா என்பதை அது மருத்துவரிடமே விட்டிருக்கிறது. எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் நம் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கர்ப்பம் உறுதியானதுமே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்: ஐந்தாம் மாதத்தில் சிக்கல் வந்தால் இந்த மருத்துவமனையில் என்ன செய்ய முடியும், முடியாவிட்டால் எந்த மாநிலத்துக்கு அனுப்புவீர்கள்? ஸ்கேனையும் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், பனிக்குட நீர் கசிந்தாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.